சான்றிதழ் வயது: அலுவலகப் பிறந்த தேதியின் வரலாறு

இந்திய அரசு அலுவலகங்களில் பணியாற்றிய பல தலைமுறை ஊழியர்களுக்கு வயது இரண்டாக இருந்தது. ஒன்று, ஜாதகக் குறிப்பிலும் தாயின் நினைவிலும் இருந்த வயது. மற்றது, பள்ளிச் சான்றிதழ் வழியாகப் பணிப்பதிவேட்டில் ஏறிய வயது. பேச்சுவழக்கில் இதைச் ‘சர்டிபிகேட் வயசு’ என்பார்கள். இரண்டும் ஒத்துப்போனவர்கள் உண்டு. ஓரிரு ஆண்டுகள் விலகியவர்களும் ஏராளம். சிலருக்குப் பதிவேட்டு வயது கூடியிருந்தது, சிலருக்குக் குறைந்திருந்தது. குறைந்திருந்தவர்கள் சக ஊழியர்களின் கணக்கில் இளையவர்களாகவே பணியாற்றி, இளையவர்களாகவே ஓய்வு பெற்றார்கள். இந்த இரட்டைக் கணக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. வயதை எண்ணும் மரபு, பிறப்பைப் பதியும் சட்டம், பள்ளிச் சேர்க்கை, பணி விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகிய ஐந்தும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஜாதகக் கணக்கும் நினைவுக் கணக்கும்

பிறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. ஜாதகக் குறிப்பில் தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், திதி ஆகியவை இருக்கும். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகள் சுழன்று வருவதால், ஆண்டின் பெயரைக் கொண்டே ஒருவரின் வயதைக் கணக்கிட்டுவிடலாம். குழந்தைக்கு ஆண்டு நிறைவு, அறுபது நிறைந்ததும் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதை ஒட்டிப் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்ததும் சதாபிஷேகம் என்று சடங்குகளும் வயதைத் தொடர்ந்து எண்ணிவந்தன.

ஆனால் ஜோசியரிடம் குறிப்பு எழுதி வாங்கும் வசதியும் வழக்கமும் எல்லாக் குடும்பங்களிலும் இருந்ததில்லை. உழவர், கூலித் தொழிலாளர் வீடுகளில் பிறப்பை நினைவில் நிறுத்தியவை பெரிய நிகழ்ச்சிகளே. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்கு முன் பிறந்தவர், பின் பிறந்தவர் என்று மூன்று தலைமுறைகள் வயது சொன்னார்கள். புயல், வெள்ளம், கோயில் குடமுழுக்கு, அண்ணன் தம்பிகளின் பிறப்பு இடைவெளி என்பன மற்ற அடையாளங்கள். இவ்வகைக் கணக்கில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆவது இயல்பு. அன்றாட வாழ்வில் அதனால் எந்த இடரும் நேரவில்லை.

இந்தத் தெளிவின்மை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1871இல் டபிள்யூ. ஆர். கார்னிஷ் பொறுப்பில் கணக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதற்குமான ஒரே காலக் கணக்கெடுப்பு 1881இல் வந்தது. அன்று முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் 0, 5 ஆகிய எண்களில் முடியும் வயதுகள் மிகையாகக் குவிந்தன. 29, 31 வயதுக்காரர்களைவிட முப்பது வயதுக்காரர்கள் பல மடங்கு இருப்பதாகப் பட்டியல் காட்டும். மக்கள் தங்கள் வயதை முழு எண்ணாக்கிச் சொன்னதே இதற்குக் காரணம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இக்குவியலை அளந்து சரிசெய்வதற்கென்றே தனிக் குறியீட்டெண்களை உருவாக்கினார்கள்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நிலை அன்று. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயது நிறைந்தோருக்கு உதவித்தொகை வழங்கியபோது, அயர்லாந்தின் முதியவர்களிடம் பிறப்புச் சான்றே இல்லை. அங்கு பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியிருந்தது. 1839 ஜனவரியில் அத்தீவைப் புரட்டிப்போட்ட பெரும் புயல் நினைவிருக்கிறதா என்ற கேள்வியே அங்கு வயதுச் சோதனையாகப் பயன்பட்டது. பணமோ பதவியோ வயதோடு சேர்ந்த இடத்தில்தான் நினைவுக் கணக்கு போதாமல் போனது.

1869ஆம் ஆண்டு வழக்கு

இந்திய மரபின் வயதுக் கணக்கும் அலுவலகத்தின் வயதுக் கணக்கும் முதன்முதலாக வெளிப்படையாக மோதிய இடம் லண்டன். இந்திய சிவில் சர்வீஸ் பதவிகளுக்கு 1855 முதல் அங்கு போட்டித் தேர்வு நடந்துவந்தது. தொடக்கத்தில் 23 ஆக இருந்த வயது உச்சவரம்பு முதலில் 22 ஆகவும், 1866இல் 21 ஆகவும் குறைக்கப்பட்டது. கடல் கடந்து சென்று, அயல்மொழியில் படித்துத் தேர்வு எழுத வேண்டிய இந்திய இளைஞர்களுக்கு ஒவ்வோர் ஆண்டுக் குறைப்பும் பெருந்தடையாக இருந்தது.

1869ஆம் ஆண்டுத் தேர்வில் வங்காளத்தைச் சேர்ந்த சுரேந்திரநாத் பானர்ஜி தேறினார். ஆனால் 1863ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதியபோது தம் வயதை 16 என்று அவர் குறித்திருந்தார். தேர்வு ஆணையர்கள் அதை 16 வயது நிறைந்ததாக எடுத்துக்கொண்டார்கள். அக்கணக்கின்படி 1869இல் அவர் 21ஐத் தாண்டியவர் ஆகிறார். அவர் பிறந்ததோ 1848 நவம்பர் 10ஆம் நாள். மெட்ரிகுலேஷன் தேர்வின்போது 15 வயது நிறைந்து பதினாறாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. நடக்கும் ஆண்டை வயதாகச் சொல்வது இந்திய வழக்கம். நிறைந்த ஆண்டைச் சொல்வது ஆங்கிலேயர் வழக்கம். ஆணையர்கள் அவர் பெயரையும், பம்பாயிலிருந்து வந்து தேறிய ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூரின் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

சுரேந்திரநாத் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இந்தியாவில் வயதைச் சொல்லும் முறையைப் பற்றிக் கல்கத்தாவின் பெரியோர்கள் உறுதிமொழி ஆவணங்கள் அனுப்பினார்கள். முடிவில் அவர் மீண்டும் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 1871இல் சில்ஹட்டில் பணியில் அமர்ந்தார். வயது உச்சவரம்பு 19 ஆகக் குறைக்கப்படும் என்று 1876இல் அறிவிப்பு வந்தபோது, அதை எதிர்த்து நாடு முழுவதும் பயணம் செய்து கூட்டங்கள் நடத்தியவரும் அவரே. வயது விதி என்பது யார் பதவிக்கு வரலாம், யார் வரக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் கருவி என்று படித்த இந்தியர்கள் உணர்ந்த காலம் அது. பள்ளிக் காலத்தில் எழுதப்படும் ஓர் எண் பிற்கால வாழ்க்கை முழுவதையும் கட்டிப்போடும் என்ற பாடத்தையும் அந்த வழக்கு கற்பித்தது.

கிராமப் பதிவேடும் அதன் குறைகளும்

பிறப்பைப் பதிவதற்கான சட்டங்கள் மெல்ல வந்தன. 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் விரும்புவோர் பதிந்துகொள்ள இடமளித்ததே தவிர, எல்லோரையும் கட்டாயப்படுத்தவில்லை. சென்னை மாகாணம் 1899இல் தனக்கெனப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றியது. கிராமங்களில் இப்பதிவேட்டை வைத்திருந்தவர் கிராம முன்சீப். நிலவரி வசூல், காவல், சிறு வழக்குகள் என்று அவர் கையில் குவிந்திருந்த பல பொறுப்புகளில் இதுவும் ஒன்று.

பதிவேடு இருந்தும் அது பிற்காலத்தில் வயதுச் சான்றாகப் பயன்படுவதற்குத் தடைகள் இருந்தன. பல பிறப்புகள் முன்சீப்பின் காதுக்கே எட்டவில்லை. எட்டியவற்றிலும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவதால், ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டுமே பல பதிவுகள் நின்றன. தந்தையின் பெயரும் ஊரும் ஒன்றாக இருக்க, நான்கைந்து குழந்தைகள் பிறந்த வீட்டில் எந்தப் பதிவு எந்தப் பிள்ளைக்கு உரியது என்பதை முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவுவது கடினம். பிரசவத்துக்குத் தாய் வீடு செல்லும் வழக்கத்தால் பிறப்பு ஓர் ஊரிலும் வளர்ப்பு வேறோர் ஊரிலுமாக இருந்தன. சான்று தேவைப்பட்டபோது எங்கே தேடுவது என்பதே பலருக்குத் தெரியவில்லை. பிறப்புப் பதிவேடு இப்படி ஒதுங்கியிருந்த இடத்தைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தமிழகக் கிராமங்களில் ஒரு குழந்தையின் பிறந்த தேதி முதன்முதலாக எழுத்தில் ஏறியது தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியரின் மேசையில்தான். சேர்ப்பதற்குத் தந்தையோ தாத்தாவோ அழைத்து வருவார். வயது நிறைந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை பரவலாக வழக்கில் இருந்தது. குழந்தை வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும்; தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டதாகக் கொள்வார்கள். உடல் வளரும்போது தலையின் அளவோடு ஒப்பிட்டால் கையின் நீளம் விரைந்து கூடுவதால் இச்சோதனைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் அது ஐந்து வயதுக் குழந்தையையும் ஆறு வயதுக் குழந்தையையும் பிரித்துக் காட்டாது.

தேதி தெரியாத குழந்தைக்கு ஆசிரியரே ஒரு தேதியை எழுதினார். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அதற்குச் சற்று முந்திய மாதங்களில் பிறந்ததாக எழுதுவது வசதியாக இருந்தது. இதன் தடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அழியவில்லை. கேரளத்தில் ஒவ்வோர் ஆண்டும் மே 31ஆம் நாள் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெறுவது இந்தப் பள்ளிச் சேர்க்கை வழக்கத்தின் நேரடி விளைவு.

பள்ளியில் எழுதப்பட்ட வயது ஏன் விலகியது என்பதற்குக் காரணங்கள் பல. தாமதமாகச் சேர்ந்த பிள்ளையை வகுப்பின் மற்ற பிள்ளைகளோடு ஒத்த வயதாகக் காட்டுவதற்காகச் சில ஆசிரியர்கள் குறைத்து எழுதினார்கள். பின்னாளில் அரசு வேலைக்கு வயது வரம்பு தடையாக வரக் கூடாது, வேலை கிடைத்தால் கூடுதல் ஆண்டுகள் பணியாற்றலாம் என்று எண்ணி, விவரமறிந்த பெற்றோர்கள் குறைத்துச் சொன்னார்கள். மறுபக்கத்தில், குழந்தையைச் சீக்கிரம் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வயதைக் கூட்டிச் சொன்ன வீடுகளும் இருந்தன. பெரும்பாலான இடங்களில் இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. உண்மைத் தேதி யாருக்கும் தெரியாதபோது, கல்வியின் கதவைத் திறக்க ஆசிரியர் தம் மதிப்பீட்டில் ஒரு தேதியைக் கொடுத்தார். அந்தத் தேதி இல்லாமல் சேர்க்கையே இல்லை.

காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் கிராமந்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. மதிய உணவுத் திட்டம் விரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தார்கள். ஆசிரியர் மதிப்பிட்டு எழுதிய பிறந்த தேதிகள் மிகுந்ததும் இந்தத் தலைமுறையில்தான். அப்பிள்ளைகளுள் பலர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆசிரியராகவும் எழுத்தராகவும் காவலராகவும் நடத்துநராகவும் அரசுப் பணிக்கு வந்தபோது, அந்தத் தேதியும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி அவர்களோடு வந்தது.

ஆலைகளில் எதிர்த்திசை

அலுவலகத்தில் வயதைக் குறைப்பதால் ஆதாயம் இருந்தது. ஆலையில் அதற்கு நேர்மாறு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 1891இல் அந்த எல்லை ஒன்பது ஆனது, 1922இல் பன்னிரண்டு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு. பஞ்சாலைக் கூலி இல்லாமல் அடுப்பெரியாத வீடுகளில், பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய நெருக்கடி இருந்தது.

இதைத் தடுக்கச் சான்றளிக்கும் மருத்துவர் என்ற பதவியைச் சட்டம் உருவாக்கியது. பல் முளைப்பு, உயரம், உடற்கட்டு ஆகியவற்றைப் பார்த்து அவர் வயதை மதிப்பிட்டுச் சான்று வழங்கினார். பிற்காலத்தில் எலும்பு மூட்டுகள் இணைந்த நிலையை எக்ஸ்ரே மூலம் பார்க்கும் முறை வந்தது. ஆனால் அம்முறையிலும் இரு பக்கமும் இரண்டு ஆண்டுகள் வரை பிழை நேரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982இல் ஏற்றுக்கொண்டது. வளர்ச்சி முற்றுப்பெற்ற பிறகு எலும்பைக் கொண்டு வயதைத் துல்லியமாகச் சொல்ல வழியே இல்லை. நாற்பது வயதில் ஒருவர் தம் பிறந்த ஆண்டு தவறு என்று வாதிட்டால் உடலைப் பார்த்துத் தீர்க்க முடியாது என்பதால், தாள்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

பணிப்பதிவேட்டின் முதல் பக்கம்

அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பணிப்பதிவேடு ஒன்று திறக்கப்படும். அலுவலக வழக்கில் அதற்கு எஸ்.ஆர். என்று பெயர். அதன் முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், முகவரி, உயரம், உடலில் உள்ள அடையாளக் குறிகள் ஆகியவற்றோடு பிறந்த தேதியும் எழுதப்படும். சம்பள உயர்வு, விடுப்பு, பதவி உயர்வு, இடமாறுதல், தண்டனை எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில் ஏறினாலும், பணி முடியும் நாளைத் தீர்மானிப்பது முதல் பக்கத்துத் தேதியே.

தேதி முழுமையாகத் தெரியாதவர்களுக்கும் விதி இருந்தது. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1 பிறந்த நாளாகக் கொள்ளப்படும். ஆண்டும் மாதமும் தெரிந்தால் அம்மாதத்தின் 16ஆம் நாள். வயதை மட்டும் ஒருவர் சொன்னால், சொன்ன நாளில் அந்த வயது நிறைந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். நடைமுறைக்கு உகந்த இவ்விதிகள், பிறந்த தேதி என்பது நிர்வாகத்துக்குத் தேவையான ஒரு நிலைப்புள்ளி என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டன.

அந்தப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்டது ஓய்வு வயது. 1922 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளில் 56ஆவது விதி, பொதுவாக 55 வயதை ஓய்வு வயதாக வைத்தது. மத்திய அரசு 1962 டிசம்பரில் அதை 58 ஆகவும், 1998 மே மாதத்தில் 60 ஆகவும் உயர்த்தியது. தமிழக அரசு 1979இல் 55ஐ 58 ஆக்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 மே மாதத்தில் 59 என்றும், 2021 பிப்ரவரியில் 60 என்றும் அறிவித்தது. ஆந்திரத்தில் 1983இல் என். டி. ராமராவ் அரசு 58ஐ 55 ஆகக் குறைத்தபோது, ஒரே உத்தரவில் ஏராளமானோர் பணியிழந்தார்கள். அந்நாளில் யார் வீட்டுக்குப் போவது, யார் நாற்காலியில் நீடிப்பது என்பதை அவரவர் பதிவேட்டின் முதல் பக்கமே முடிவு செய்தது. ஓர் ஊழியரின் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் என்பது ஒரு மகளின் திருமணம், ஒரு மகனின் படிப்பு, ஒரு வீட்டுக் கடனின் கடைசித் தவணை. பிறந்த தேதியைச் சுற்றி இவ்வளவு கவலை சூழ்ந்ததற்கு இதுவே காரணம்.

இன்றைய விதிப்படி ஓய்வு பெறும் வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகல் பணி முடிகிறது. மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் மட்டும் அதற்கு முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார். ஜூன் 1 என்று ஆசிரியர் எழுதிய தேதியால் ஒரு மாதச் சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியர்கள், மாணவர்களின் படிப்பு தடைப்படாதபடி, தமிழகத்தில் ஆண்டு இறுதிவரை மறுநியமனம் பெறுவதும் வழக்கம்.

சக ஊழியர்களிடையே

ஒருவரின் வயது அவரைப் பற்றிய செய்தியோடு நிற்பதில்லை. அலுவலகத்தில் அது அடுத்தவரின் வாய்ப்பைத் தொடுகிறது. உயர் பதவியில் இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் மேலே போக முடியும். அவர் போனால் அவருக்குக் கீழே உள்ளவர் நகர்வார். மூத்தவர் ஒருவரின் பதிவேட்டு வயது இரண்டு ஆண்டு குறைவாக இருந்தால், அந்த வரிசை முழுவதும் இரண்டு ஆண்டு காத்திருக்கும். எனவே பணி மூப்புப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் ஊழியர்கள் பிறருடைய பிறந்த தேதியையும் கவனமாகப் படித்தார்கள். கண்காணிப்பாளர் பதவிக்கு எப்போது வழி பிறக்கும் என்பது அந்த நெடுவரிசையில்தான் தெரியும்.

வயது குறைந்திருப்பது எல்லா வகையிலும் ஆதாயமாக இருந்ததில்லை. போட்டித் தேர்வுகளில் சம மதிப்பெண் பெற்றவர்களுள் வயதில் மூத்தவரை முன்னிறுத்துவது பரவலான விதி. மத்திய தேர்வாணையமும் பிற ஒப்பீடுகள் தீர்வு தராதபோது இதைப் பின்பற்றுகிறது. அங்கு சான்றிதழ் வயது குறைந்தவர் ஓர் இடம் பின்தங்கினார். அந்த ஓர் இடம் பணி மூப்பில் முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது.

பழகும் முறையிலும் இரண்டு வயதுகளும் அருகருகே இருந்தன. அலுவலக நடைமுறையில் பதவிக்கு ‘சார்’ போடுவார்கள். தேநீர் இடைவேளையில் வயதுக்கு ‘அண்ணே’ என்பார்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்களுக்கு உண்மை வயது தெரியும். பட்டியலில் தமக்கு இளையவராக நிற்பவரை ஊர் முறைப்படி அண்ணன் என்று அழைத்தவர்கள் எல்லாத் துறைகளிலும் இருந்தார்கள். ஓய்வு வயது 58 ஆக இருந்த காலத்தில், சான்றிதழில் இரண்டு ஆண்டு குறைந்திருந்தவருக்குப் பணி முடியும் வேளையில் ஜாதகப்படி அறுபது நிறைந்திருக்கும். பிரிவு உபசார விழாவும் மணிவிழாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தபோது, சக ஊழியர்கள் இரண்டுக்கும் வந்து வாழ்த்தினார்கள். ஆண்டுக் கணக்கு வெளிப்படையாகத் தெரிந்தும் அதைக் குற்றமாக யாரும் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் தேதி எப்படி வந்தது என்பது அந்தத் தலைமுறை முழுவதற்கும் தெரிந்திருந்தது.

திருத்தக் கோரிக்கைகளும் நீதிமன்றங்களும்

எல்லோரும் இப்படி அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. பதிவேட்டில் வயது கூடிப்போனவர்கள் தேதியைத் திருத்தக் கோரினார்கள். ஓய்வு நெருங்கும் ஆண்டில்தான் பலருக்குப் பிழை தெரியவந்தது. ஜாதகம், பழைய கிராமப் பதிவேட்டின் நகல், அண்ணன் தம்பிகளின் பிறந்த தேதிகள், மருத்துவரின் சான்று என்று ஆவணங்கள் வந்து சேர்ந்தன. சிலர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்கி வந்தார்கள். உண்மையான பிழையால் தவித்தவர்களும், கூடுதல் ஆண்டுகளுக்காக ஆவணம் தேடியவர்களும் ஒரே வரிசையில் நின்றதால், யார் எவர் என்று பிரிப்பது நிர்வாகத்துக்குப் பெரும் சுமையானது.

இதற்குத் தீர்வாகக் காலவரம்பு வந்தது. ரயில்வே தன் ஊழியர்களுக்கு 1973 ஜூலை 31 வரை திருத்த வாய்ப்பு அளித்தது. மத்திய அரசு 1979இல் அடிப்படை விதியில் குறிப்பு ஒன்றைச் சேர்த்து, பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கோரினால் மட்டுமே தேதியைத் திருத்தலாம் என்றது. தமிழ்நாடு அரசு மற்றும் சார்நிலைப் பணி விதிகளில் 49ஆவது விதியும் அதே ஐந்து ஆண்டு எல்லையை வைத்தது. அதற்குப் பின் வரும் விண்ணப்பங்களை உடனே தள்ளுபடி செய்ய அவ்விதி வழிகாட்டியது.

1993இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த இரண்டு வழக்குகள் இத்துறையின் போக்கை நிலைப்படுத்தின. ஒன்றில், 1956இல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர் 1991இல் திருத்தம் கேட்டார். ஐந்து ஆண்டு விதி வருவதற்கு முன்பே பணியில் இருந்தவர்களும், விதி வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கோரியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. மற்றொன்று தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு. பிறந்த தேதியைத் திருத்தும் ஒவ்வோர் உத்தரவும் சங்கிலித் தொடராகப் பிறரைப் பாதிக்கிறது. திருத்தம் பெறுபவருக்குக் கீழே பதவி உயர்வுக்குப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு நேரலாம் என்று அத்தீர்ப்பு விளக்கியது. மறுக்க முடியாத சான்று இருந்தாலன்றிக் கடைசி நேரக் கோரிக்கைகளை ஏற்கக் கூடாது என்பது நிலைத்த சட்டமானது.

இந்த நிலைப்பாட்டில் ஒரு வலி இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டின் தேதி தானாகவே உண்மைக்குச் சான்றாகிவிடாது. யார் சொன்ன தகவலின் பேரில் அது எழுதப்பட்டது என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 1988இல் ஒரு தேர்தல் வழக்கில் கூறியிருந்தது. ஆயினும் பணி விவகாரங்களில் அதே தேதி ஊழியரைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் தேதியைக் காட்டியே அவர் தேர்வு எழுதினார், பணியில் சேர்ந்தார், பதவி உயர்வு பெற்றார். அவரோடு பணிபுரிந்தவர்களும் அதை நம்பியே தங்கள் எதிர்காலத்தைக் கணக்கிட்டார்கள் என்பதே இதற்கான நியாயம். ஐந்து வயதில் தாம் சொல்லாத ஒரு தேதிக்காக ஒருவர் இரண்டு ஆண்டுப் பணியை இழப்பது வருத்தத்துக்குரியதே. ஆனால் பலர் சேர்ந்து உழைக்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்ற தேவையும் உண்மையானது. நீதிமன்றங்கள் இரண்டாவதற்கு முதலிடம் தந்தன.

இச்சிக்கல் நாட்டின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றையும் தொட்டது. தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த வி. கே. சிங்கின் பிறந்த ஆண்டு, இராணுவத்தின் ஒரு பிரிவின் ஆவணங்களில் 1950 என்றும் மற்றொரு பிரிவின் ஆவணங்களில் 1951 என்றும் இருந்தது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்வதற்கான விண்ணப்பத்தில் 1950 மே 10 என்று எழுதப்பட்டிருந்தது. மெட்ரிகுலேஷன் சான்றிதழில் 1951 மே 10. அரசு 1950ஐ ஏற்றது. 1951ஐக் கோரி அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிபதிகள் தலையிட முன்வராத நிலையில் 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டு மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் யார் தளபதி ஆவார் என்ற கேள்வியும் அந்த ஓர் ஆண்டு வேறுபாட்டில் அடங்கியிருந்ததால், நாடே அவ்வழக்கை உற்றுநோக்கியது.

பிறப்புச் சான்றிதழின் காலம்

இரட்டை வயதின் வேரை அறுத்தது பிறப்புப் பதிவின் வளர்ச்சியே. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே கட்டாயப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. மருத்துவமனைகளில் பிரசவம் பெருகப் பெருகப் பதிவும் பெருகியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் பிறப்புப் பதிவானவர்கள் 2005-06இல் 41 விழுக்காடு. 2019-21இல் 89 விழுக்காடு.

சட்டம் ஆவணங்களுக்கு அளித்த வரிசை இதைவிட மெதுவாகவே மாறியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வயதைத் தீர்மானிப்பதில் பள்ளி அல்லது மெட்ரிகுலேஷன் சான்றுக்கு முதலிடமும், உள்ளாட்சியின் பிறப்புச் சான்றுக்கு அடுத்த இடமும், எலும்புச் சோதனைக்குக் கடைசி இடமும் தந்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதார் அட்டையைவிடப் பள்ளிச் சான்றில் உள்ள பிறந்த தேதியே ஏற்கத்தக்கது என்றது. எனினும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 அக்டோபர் 1ஆம் நாளோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, அரசு வேலை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் ஆகிய அனைத்துக்கும் பிறந்த தேதியின் சான்று பிறப்புச் சான்றிதழ்தான்.

தலைமை ஆசிரியரின் மதிப்பீட்டில் வயது பெற்ற தலைமுறை இப்போது பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டது. இன்று பணியில் சேர்வோருள் மிகப் பலர் பிறந்த சில நாட்களில் பதிவானவர்கள். அவர்களுடைய ஜாதகத் தேதியும் பதிவேட்டுத் தேதியும் ஒன்றே. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், மலைவாழ் மக்கள், வீட்டில் பிரசவம் நடக்கும் குடும்பங்கள் ஆகியோரின் பிள்ளைகளிடம்தான் பதிவு இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. அந்தக் குழந்தைகளுக்கும் பிறந்த உடனே சான்று கிடைக்கும்போது, வீட்டில் ஒரு வயதும் அலுவலகத்தில் ஒரு வயதுமாக வாழும் நிலை முழுமையாக முடிவுக்கு வரும்.